ஒரு டிக்... ரெண்டு டிக்... கம்பம்மெட்டு!

கம்பம் பள்ளத்தாக்கில் சேவலுக்கு முன்பே வாட்ஸ்அப் கூவிவிடுகிறது. அதிகாலை நான்கு மணி வாக்கில், தலைமாட்டில் இருக்கும் போனில் ஒரு 'டொய்ங்'.

"யக்கா, வண்டி அஞ்சு மணிக்கு வந்துரும். இன்னைக்கு மேல்தோட்டம். பத்துப் பேரு போதுமாம். மழை வர்ற மாதிரி இருக்கு, பாலிதீன் கவரை மறந்துறாதீக."

ஜீப் டிரைவரின் குரல் பதிவு. இருபது விநாடிதான். அதைக் கேட்ட பிறகுதான் அந்த வீட்டில் அடுப்பு பற்றும், தூக்குவாளியில் சோறு இறங்கும், தூங்குகிற பிள்ளையின் போர்வை சரியாகும். ஒரு காலத்தில் இதே சேதியைச் சொல்ல டிரைவர் தெருமுனையில் நின்று ஹாரன் அடிப்பார். வேலைக்குப் போகாத வீடுகளும் சேர்ந்து எழுந்திருக்கும். வாட்ஸ்அப் வந்ததில் ஊருக்குக் கிடைத்த முதல் லாபம், அந்த அரை மணி நேரத் தூக்கம்.

கம்பம், கூடலூர், உத்தமபாளையம், தேவாரம், போடி என்று அடிவாரத்து ஊர்களிலிருந்து தினமும் ஜீப்புகள் மலையேறுகின்றன. குமுளி, கம்பம்மெட்டு, போடிமெட்டு என்று மேலே போக மூன்று வாசல்கள். ஏறி முடித்தால் கேரளாவின் இடுக்கி மாவட்டம், கண்ணுக்கெட்டிய தூரம் ஏலத்தோட்டம். காலையில் தமிழ்நாட்டில் பல் துலக்கி, கேரளாவில் மதியச் சோறு சாப்பிட்டு, மறுபடி தமிழ்நாட்டில் வந்து தூங்குகிறவர்கள் இவர்கள். பெரும்பாலும் பெண்கள். ஐ.டி. கம்பெனிக்காரர்கள் 'இன்டர்ஸ்டேட் டிராவல்' என்று பெருமையாகச் சொல்வதை இந்த அக்காக்கள் தினம் ரெண்டு தடவை, ஜீப்பின் பின் சீட்டில் முழங்காலோடு முழங்கால் இடித்துக்கொண்டு செய்கிறார்கள்.

ஜீப்பில் பாட்டு கட்டாயம் உண்டு. யாருடைய பாட்டு என்று கேட்கவே வேண்டாம். இளையராஜா பிறந்த பண்ணைப்புரம் இந்தப் பள்ளத்தாக்கில்தான் இருக்கிறது. உள்ளூர்க்காரர் பாட்டை விட்டுவிட்டு வேறு பாட்டுப் போட்டால் வண்டி எப்படி மலையேறும்?

மலையில் ஏறும் டிக்

வாட்ஸ்அப்பில் டிக் என்றால் என்ன என்று நகரத்து ஆட்களைக் கேட்டால், "படிச்சிட்டு ரிப்ளை பண்ணலைன்னா கோபப்படுறதுக்கான அடையாளம்" என்பார்கள். கம்பம் பள்ளத்தாக்கில் டிக் என்பது ஊர் தூரத்தை அளக்கிற மைல்கல்.

அனுப்பிய சேதியின் ஓரத்தில் குட்டிக் கடிகாரம் தெரிந்தால், அது இன்னும் அனுப்பியவர் போனைவிட்டே கிளம்பவில்லை. அதாவது அனுப்பியவர் மலையில் டவர் இல்லாத இடத்தில் இருக்கிறார். ஒரு டிக் விழுந்தால், சேதி வாட்ஸ்அப் சர்வருக்குப் போய்விட்டது, எதிராளியின் போன் இன்னும் வாங்கிக்கொள்ளவில்லை. ரெண்டு டிக் என்றால் போனுக்கு வந்து சேர்ந்துவிட்டது. ரெண்டும் நீலமானால் பார்த்தாகிவிட்டது. குரல் பதிவாக இருந்தால், அதைக் கேட்ட பிறகு பக்கத்தில் இருக்கும் மைக் படமும் நீலமாகும்.

இப்போது இதை மலைப்பாதையில் பொருத்திப் பாருங்கள். அம்மா ஜீப்பில் ஏறிய பிறகு, காலை ஆறு மணிக்கு எழுந்த மகன், "யம்மா, கணக்கு நோட்டை எங்க வச்ச?" என்று பதிவு அனுப்புகிறான். ஜீப் அடிவாரத்தைத் தாண்டாதிருந்தால் ரெண்டு டிக். பதில் உடனே வரும்: "டிவி பெட்டிக்கு மேல பாருய்யா." ஜீப் மலைக்குள் புகுந்துவிட்டால் ஒரே ஒரு டிக். அப்புறம் அந்த நோட்டை அவனேதான் தேட வேண்டும். ஒரு டிக்கைப் பார்த்ததுமே அவன் தேட ஆரம்பித்துவிடுவான். தமிழ்நாட்டில் வேறெந்த ஊர்ப் பிள்ளைகளும் இவ்வளவு சீக்கிரம் சுயமாகப் பொருள் தேடக் கற்றிருக்க மாட்டார்கள்.

அனுப்பிய சேதி எங்கேயும் போய்விடாது. எதிராளியின் போன் கிடைக்கும் வரை 30 நாள் வரை சர்வரில் காத்திருக்கும். ஆனால் கணக்கு டீச்சர் அவ்வளவு நாள் காத்திருக்க மாட்டார்.

'பரிதிக்குப் புறத்தாணு'

அவசரம் என்று நேரடியாக போன் போட்டால்? அங்கேதான் மாநில எல்லை குரல் கொடுக்கிறது. சில நேரம், "நீங்கள் அழைக்கும் எண் தொடர்பு எல்லைக்கு அப்பால் உள்ளது" என்று தமிழில் வரும். சில நேரம் மலையாளத்துச் சேச்சி ஒருவர் வந்து "பரிதிக்குப் புறத்தாணு" என்று அன்பாகச் சொல்லிவிட்டு வைத்துவிடுவார். மலையாளத்தில் ஒரு வார்த்தை தெரியாத பாட்டிகளுக்கும் இந்த ஒன்றுக்கு மட்டும் அர்த்தம் தெரியும். "என்னம்மா ஆச்சு?" என்று பேரன் கேட்டால், "புறத்தாணாம்ல, சாயங்காலம் பேசிக்கலாம்" என்று போனைக் கீழே வைப்பார்கள்.

மேலே ஏன் டவர் கிடைப்பதில்லை? செல்போன் அலைகளுக்கு நேர்ப்பாதைதான் வசதி. நடுவே ஒரு மலைச்சரிவு நின்றால், அதன் பின்பக்கம் நிழல் விழுவதுபோல சிக்னலுக்கும் நிழல் விழுந்துவிடும். ஏலச்செடிக்கோ நிழல்தான் உயிர். பெரிய மரங்களின் அடியில், ஈரமும் குளிருமாக இருக்கிற இடத்தில்தான் அது வளரும். ஈர இலைக் கூட்டமும் அலையைக் கொஞ்சம் உறிஞ்சிக்கொள்ளும். ஏலத்துக்கு எது நல்ல இடமோ, அது செல்போனுக்கு ஆகாத இடம்.

சிக்னல் தேடி அலைகிற போனுக்குக் கோரப்பசி வேறு. டவர் கிடைக்காதபோது அது முழு பலத்தையும் போட்டுத் தேடிக்கொண்டே இருக்கும். காலையில் 90 சதவிகிதமாக ஏறிய பேட்டரி, மதியத்தில் மூச்சு வாங்கும். அதனால்தான் பல வீடுகளில் ஓர் ஏற்பாடு: பட்டன் போன் மலைக்கு, ஸ்மார்ட்போன் வீட்டுக்கு. 2020-ல் பள்ளிகள் மூடி ஆன்லைன் வகுப்பு வந்தபோது ஸ்மார்ட்போன் பிள்ளைகள் கைக்குப் போனது. ஒன்று முதல் எட்டாம் வகுப்பு வரை 2021 நவம்பரில் பள்ளி திறந்தார்கள். பிள்ளைகள் பள்ளிக்குத் திரும்பினார்கள். போன் மட்டும் அம்மா கைக்குத் திரும்பவே இல்லை!

ஏலத்தை ஏலம் விடும் ஊர்

தமிழில் ஒரு குறும்பு இருக்கிறது. செடியும் ஏலம், கூவி விற்பதும் ஏலம். போடிநாயக்கனூரில் இந்த ரெண்டும் ஒரே கூரையின் கீழ் நடக்கின்றன. ஏலக்காய்க்கான மின்னணு ஏலம், ஸ்பைசஸ் போர்டு ஏற்பாட்டில் போடியிலும், மலைக்கு அந்தப் பக்கம் கேரளாவின் புற்றடியிலும் நடக்கிறது. வியாபாரிகள் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருப்பார்கள். காயின் மாதிரி கைக்கு வரும், விரலால் உருட்டிப் பார்ப்பார்கள், பட்டனைத் தட்டுவார்கள். சில விநாடிகளில் ஒரு குவியலின் தலையெழுத்து முடிந்துவிடும். 2021-ல் இதையும் கிளவுடில் ஏற்றினார்கள். போடியில் இருப்பவரும் புற்றடியில் இருப்பவரும் ஒரே ஏலத்தில் ஒரே நேரத்தில் விலை கேட்கலாம்.

விலையும் லேசுப்பட்டதல்ல. 2019 ஆகஸ்ட்டில் அதிகபட்ச விலை கிலோ 7,000 ரூபாயைத் தொட்டது. ஏறக்குறைய ஐந்து கிலோ பச்சைக்காய் காய்ந்தால்தான் ஒரு கிலோ ஏலக்காய் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஏலக்காய் மரத்தில் தொங்காது, செடியின் தூரில், தரையோடு தரையாகக் கொத்துக் கொத்தாகக் காய்க்கும். குனிந்தோ உட்கார்ந்தோ, விளைந்த காயாகப் பார்த்துப் பார்த்துக் கிள்ள வேண்டும். கால் விரல் இடுக்கில் அட்டை ஏறும். ரெண்டு கைக்கும் வேலை இருக்கும். போன் பாலிதீன் கவருக்குள், சோற்றுத் தூக்குக்குப் பக்கத்தில் தூங்கும்.

கணக்குப் பாருங்கள். காய்க்கு விலை கேட்கிற வியாபாரியின் குரல் மலையைத் தாண்ட ஒரு விநாடிகூட ஆகாது. அந்தக் காயைக் கிள்ளிய அம்மா, "சாப்டியாய்யா?" என்று கேட்டது வீடு வந்துசேரச் சாயங்காலம் ஆகிறது. ரெண்டும் ஒரே மலை, ஒரே மாவட்ட எல்லை. சந்தைக்குக் கிளவுட் வந்துவிட்டது. தோட்டத்துக்கு வருகிற மேகம் மழை மட்டும்தான் கொண்டுவருகிறது.

சாயங்கால அடைமழை

மாலை. ஜீப் இறங்குகிறது. மலை விளிம்பில் ஒரு வளைவு. அங்கே வந்ததும் ஜீப்புக்குள் ஒரே நேரத்தில் எல்லாப் போனும் அலறும். டொய்ங், டொய்ங், டொய்ங். காலையிலிருந்து ஒற்றை டிக்கோடு காத்திருந்த சேதிகள் மொத்தமாக வந்து விழுகிற இடம் அது. ஒவ்வொரு மலைப்பாதையிலும் இப்படி ஒரு வளைவு உண்டு. டிரைவர்களுக்கு அது தெரியும். சில அண்ணன்மார்கள் அங்கே வந்ததும் பாட்டின் சத்தத்தைக் குறைத்துவிடுவார்கள்.

அடுத்த பத்து நிமிடம் ஜீப் ஒரு ரேடியோ நிலையம். ஒருவர் போனில் மகன்: "யம்மா, நோட்டு கெடச்சிருச்சு." இன்னொருவர் போனில் அப்பத்தா: "ஏத்தா, ரேசன்ல பாமாயில் போடுறாகளாம், கார்டை எங்க வச்ச?" மூன்றாமவர் போனில் மகளிர் குழுத் தலைவி: "நாளைக்குத் தவணை, ஆரும் சாக்குச் சொல்லக் கூடாது." அனுப்பியவருக்கு இது ரகசியம். ஜீப்பில் இருக்கும் பதினொரு பேருக்கும் பொதுச்செய்தி. ரேசன் கார்டு எங்கே இருக்கிறது என்று பக்கத்து சீட்டு அக்காவே பதில் சொல்லிவிடுவார்.

வாட்ஸ்அப்பில் குரல் பதிவு வந்தது 2013 ஆகஸ்ட்டில். அதற்கு முன் எழுத்து தட்டத் தெரிந்தவர்களுக்குத்தான் வாட்ஸ்அப். மைக் பட்டனை அழுத்திப் பேசினால் போதும் என்ற பிறகுதான் இந்தப் பள்ளத்தாக்கு முழுதாக உள்ளே வந்தது. பேசினால் எழுதித் தரும் வசதியும் கூகுளில் தமிழுக்கு 2017-லேயே வந்துவிட்டது. ஆனால், "வெரசா வந்துருய்யா" என்று தேனி மாவட்டத்துத் தமிழில் சொன்னால் அது கொஞ்சம் திணறும். குரல் பதிவு திணறாது. அதட்டல் அதட்டலாகவே போகும், கொஞ்சல் கொஞ்சலாகவே போகும். சோர்வும் அப்படியே போகும். "நான் நல்லா இருக்கேன்" என்று எழுத்தில் அனுப்பினால் நம்பலாம். குரலில் அனுப்பினால், நல்லா இல்லை என்பது பிள்ளைக்கு மூன்றாவது எழுத்திலேயே தெரிந்துவிடும்.

2021-ல் வாட்ஸ்அப் இன்னொன்று செய்தது. குரல் பதிவை ஒன்றரை மடங்கு, ரெண்டு மடங்கு வேகத்தில் கேட்கலாம். பிள்ளைகளுக்குக் கொண்டாட்டம். அம்மாவின் நான்கு நிமிடத் திட்டு ரெண்டே நிமிடத்தில் முடிந்துவிடுகிறது. இதை அம்மாக்கள் கண்டுபிடித்துவிட்டார்கள் என்றும், அன்று முதல் முக்கியமான திட்டுகளை நேரில் மட்டுமே கொடுப்பதாகவும் பள்ளத்தாக்கு வட்டாரத்தில் பேச்சு.

காசு யார் போனுக்கு?

சிரிப்புக்கு நடுவே ஒரு சின்னக் கணக்கையும் கேட்டுவிடலாம். வாரக்கூலி கையில் ரொக்கமாக வந்தால், அது முந்தானை முடிச்சுக்கோ சுருக்குப் பைக்கோ போகும். வீடு போய்ச் சேரும் வரை அது அந்த அக்காவின் காசு. வழியில் கருவாடு வாங்குவதும், பிள்ளைக்கு வடை வாங்குவதும் அவர் முடிவு.

இப்போது ஜிபே, போன்பே வந்துவிட்டன. கடைக்கடைக்குக் க்யூ.ஆர். அட்டை. இளநீர்க்காரரும் பன்னீர் திராட்சை விற்கும் அம்மாவும்கூட அட்டையைத்தான் காட்டுகிறார்கள். நல்லதுதான். ஆனால் மலைக்குப் பட்டன் போன் கொண்டுபோகிறவருக்குக் கூலியை யு.பி.ஐ.யில் அனுப்பினால் அது எந்தப் போனில் விழும்? பல வீடுகளில் அது வீட்டுக்காரர் போனாக இருக்கும், அல்லது மகன் போனாக இருக்கும். உழைத்தவர் இன்னும் மலையிலிருந்து இறங்கவே இல்லை, கூலி இறங்கிவிட்டது. சில நேரம் செலவும் ஆகிவிட்டது.

இதற்கு வழி இல்லாமல் இல்லை. பட்டன் போனிலேயே, இன்டர்நெட் இல்லாமல் பணம் அனுப்ப 'யு.பி.ஐ. 123பே' என்ற வசதியை ரிசர்வ் வங்கி 2022 மார்ச்சில் தொடங்கி வைத்தது. அதைவிட எளிய வழி, சொந்தப் பெயரில் வங்கிக் கணக்கு, சொந்த நம்பர் அதோடு இணைந்திருப்பது. வீட்டில் மலைக்குப் போகும் பெண் இருந்தால், கூலி எந்தக் கணக்குக்குப் போகிறது, அந்தக் கணக்குக்கு எந்த நம்பர் என்று இந்த ஞாயிற்றுக்கிழமை ஒரு தடவை பாருங்கள். பத்து நிமிட வேலை.

டவர் விழுந்த இரவு

ஒற்றை டிக்கைக் கேலி செய்யலாம். ஆனால் இந்த மலைக்கு வேறொரு ஞாபகமும் இருக்கிறது. 2020 ஆகஸ்ட் 6, இரவு பத்தே முக்கால் மணி வாக்கில், மூணாறு அருகே பெட்டிமுடியில் மலை சரிந்தது. தமிழ்த் தேயிலைத் தொழிலாளர் குடும்பங்கள் குடியிருந்த லயன் வீடுகள் தூக்கத்திலேயே புதைந்தன. 70 உயிர்கள். மழையில் மின்சாரமும் தொலைத்தொடர்பும் துண்டிக்கப்பட்டிருந்ததால், நடந்தது வெளியே தெரியவே மறுநாள் காலை ஆகிவிட்டது. அந்த இரவில் ஒரே ஒரு போன் வெளியே போயிருந்தால் எத்தனை மணி நேரம் மிச்சமாகியிருக்கும் என்று இடுக்கியிலும் தேனியிலும் இன்றும் பேசிக்கொள்கிறார்கள்.

கொரோனா காலத்தில் எல்லை மூடியபோதும் இதே பள்ளத்தாக்கு போனையே நம்பி நின்றது. இந்தப் பக்கம் இ-பாஸ், அந்தப் பக்கம் கேரள அரசின் இணையதளப் பதிவு. வருஷக்கணக்காகத் தினம் ஏறிய மலைக்கு ஓ.டி.பி. கேட்டார்கள். சிக்னல் என்பது இங்கே பொழுதுபோக்குச் சமாச்சாரமில்லை. ஏலக்காய் ஏலத்துக்கு ரெண்டு மாநிலத்தையும் இணைக்கத் தெரிந்த தொழில்நுட்பம், அந்த ஏலக்காயைக் கிள்ளுகிற இடத்துக்கும் ஒரு டவர் தூரம் வந்தால் போதும்.

அதுவரைக்கும்...

டவர் வரும்வரை, மலையேறுகிறவர்களுக்கும் கீழே காத்திருக்கிறவர்களுக்கும் சில சின்ன யோசனைகள்.

டவர் இல்லாத தோட்டத்துக்குள் போனதும் போனை ஏரோபிளேன் மோடில் போட்டுவிடுங்கள், அல்லது அணைத்துவிடுங்கள். வீணாகத் தேடி பேட்டரியைத் தின்னாது. சாயங்காலம் வளைவுக்கு வரும்போது மறக்காமல் மறுபடி ஆன் செய்யுங்கள். மறந்தால் வீட்டில் எல்லோரும் கலவரமாகிவிடுவார்கள்.

ஆபத்து என்றால் 112. உங்கள் சிம் கம்பெனியின் டவர் கிடைக்காவிட்டாலும், வேறு கம்பெனி டவர் எட்டினால் அதன் வழியாக இந்த அழைப்பு போகும். "சிக்னல் இல்லையே" என்று பார்க்காமல் போட்டுப் பார்க்கலாம்.

ஜீப்பில் ஒருவராவது வாட்ஸ்அப்பில் 'லைவ் லொகேஷன்' பகிரலாம். 15 நிமிடம், ஒரு மணி நேரம், 8 மணி நேரம் என்று மூன்று அளவு இருக்கிறது. நடுவே டவர் போனாலும், கடைசியாக வண்டி எந்த இடத்தில் இருந்தது என்று கீழே இருப்பவர்களுக்குத் தெரியும். அந்த நம்பர்கள் ஒரு தாளில் எழுதப்பட்டு வீட்டுச் சுவரிலும் இருக்கட்டும். மழைநாளில் சார்ஜ் இல்லாமல் போகிற முதல் பொருள் போன்தான், தாளுக்குச் சார்ஜ் தேவையில்லை.

டவர் சிணுங்குகிற இடத்தில் வாட்ஸ்அப் போகாவிட்டால் பழைய எஸ்.எம்.எஸ்-ஐ அனுப்பிப் பாருங்கள். அதற்கு மெல்லிய சிக்னலே போதும். புது மருமகள் சாதிக்காததைச் சில நேரம் பழைய மாமியார் சாதித்துவிடுவார்.

கீழே இருக்கும் பிள்ளைகளே, உங்களுக்கும் ஒன்று. அம்மாவின் குரல் பதிவை ரெண்டு மடங்கு வேகத்தில் கேட்பது உங்கள் இஷ்டம். சாயங்காலம் ஆறு மணிப் பதிவை மட்டும் சாதாரண வேகத்தில் கேளுங்கள். நாள் முழுக்கக் குனிந்து எழுந்தவரின் மூச்சு அதில் இருக்கும். கேட்டால் மைக் நீலமாகும், அது அம்மாவுக்கும் தெரியும்.

இன்னும் ஒன்று. நீங்கள் அனுப்பிய பதிவுக்கு ரெண்டாவது டிக் விழுந்தால் ஜீப் அந்த வளைவைத் தாண்டிவிட்டது என்று அர்த்தம். வீடு வந்துசேர எப்படியும் அரை மணி நேரம் ஆகும். உலையில் அரிசியைப் போட அது சரியான நேரம்.